37 வாரம் முடிந்துவிட்டது, இரவில் வயிறு இறுகுகிறது. மலையிலிருந்து எப்போது இறங்குவது?

கொழுந்துக்காரி மகள்:

வணக்கம். எனக்கு 24 வயது. தலைப்பிரசவம். இன்றோடு 37 வாரமும் 3 நாளும் ஆகின்றன. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்கிறார். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீடு வால்பாறையிலிருந்து 14 கிலோமீட்டர் உள்ளே, ஓர் எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறது. அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போனால் மாலையில்தான் திரும்புவார். பகல் முழுக்க நானும் பக்கத்து வீட்டுப் பாட்டியும்தான்.

நான்கு நாளாக இரவு பத்து மணிக்கு மேல் வயிறு இறுகுகிறது. பந்துபோல் திரண்டு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அரை நிமிடம் கழித்துத் தளர்ந்துவிடும். வலி என்று சொல்ல முடியாது. மாதவிலக்குக்கு முந்தைய நாள் அடிவயிறு கனக்குமே, அந்த மாதிரி. நேற்று செல்போனில் நேரம் பார்த்தேன்: 10.20, 10.45, 10.53, 11.15, அப்புறம் 11.50. அம்மா சீரகம் வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டுப் படுத்தேன், பிறகு ஒன்றும் வரவில்லை. "இது சூட்டு வலி, இன்னும் நாள் இருக்கிறது" என்கிறார் அம்மா. பாட்டியோ என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "வயிறு இறங்கிவிட்டது, இந்த வாரம் தாண்டாது" என்கிறார். மூச்சு வாங்குவது குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் நடக்கும்போது அடியில் ஏதோ முட்டுகிறது, அரை மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கப் போகிறேன். இன்று காலை சளிபோல் வெள்ளையாகக் கொஞ்சம் பட்டது. ரத்தம் இல்லை.

எனக்கு ஹீமோகுளோபின் 9.6. அதனால் பிரசவத்தைப் பொள்ளாச்சி அரசு மருத்துவமனையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இங்கிருந்து வால்பாறை வரை எஸ்டேட் ரோடு, அதற்கப்புறம் மலை இறங்க 40 கொண்டை ஊசி வளைவு. நல்ல பகலிலேயே மூன்று மணி நேரம் ஆகும். மழையோ மூடுபனியோ இருந்தால், ரோட்டில் யானை நின்றால், எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கே படித்தாலும் "ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் வந்தால் கிளம்புங்கள்" என்றுதான் இருக்கிறது. மூன்று மணி நேரத் தொலைவில் இருப்பவளுக்கும் அதே கணக்குதானா? பொய் வலிக்கு இறங்கிப் போய்த் திரும்பிவர எங்களிடம் பணம் இல்லை. ஜீப்புக்கே 4,000 ரூபாய் கேட்கிறார்கள். மெய் வலியா பொய் வலியா என்று எனக்கு எப்படித் தெரியும்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஈரோட்டு இருபிள்ளைத்தாய்:

தங்கை, பயப்படாதே. என் மூத்தவனுக்கு நான் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை அங்கிருந்த ஒருவர், "வலி என்றால் என்னவென்று தெரியாமலே வந்துவிடுகிறார்கள்" என்று என் காதில் விழும்படி சொன்னார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அந்தப் பேச்சுக்குக் கூச்சப்பட்டு நான்காவது முறை கிளம்பத் தாமதித்தேன். போய்ச் சேர்ந்தபோது கர்ப்பப்பை வாய் 8 சென்டிமீட்டர் திறந்திருந்தது. எனக்கு ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரத்தில் இருந்ததால் பிழைத்தேன். உனக்கு அப்படி இல்லை. யார் என்ன சொன்னாலும் சந்தேகம் வந்தால் போ.

மெய் வலி எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால், வயிற்றில் தொடங்கவில்லை. நடு இடுப்பில், புடவைக் கொசுவத்துக்கு நேர் பின்னால் தொடங்கி, இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. இறுக்கிக் கயிறு கட்டுவது போல. பொய் வலி எனக்கு முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. இரண்டாவது பிள்ளைக்கு எல்லாமே வேகம். காலை ஆறு மணிக்கு முதல் வலி, ஒன்பதரைக்குக் குழந்தை.

மலைநாட்டு நர்சம்மா:

கண்ணு, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நான் 1986-இல் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து 2019-இல் ஓய்வு பெற்றேன். அதில் பதினொரு ஆண்டுகள் நீ இருக்கும் அதே மலையில்தான். நீ சொல்லும் எஸ்டேட் ரோட்டில் மழைக்காலத்தில் நடந்தே போயிருக்கிறேன். ஆகவே உன் கேள்வியின் கடைசிப் பகுதிதான் எனக்கு முதலில் பட்டது. அதற்கு வருகிறேன். முதலில் நீ குறித்த நேரங்களைப் பார்ப்போம்.

10.20-க்கும் 10.45-க்கும் நடுவே 25 நிமிடம். அடுத்தது 8. அடுத்தது 22. அப்புறம் 35. ஏறுகிறது, இறங்குகிறது, ஒரு வரிசைக்குள் நிற்கவில்லை. அரை நிமிடத்துக்குமேல் நீடிக்கவும் இல்லை. சூடாக எதையாவது குடித்துப் படுத்ததும் விட்டுவிட்டது. இவ்வளவும் சேர்ந்தால் அது இன்னும் பிரசவ வலி ஆகவில்லை என்று பொருள். பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1872-இல் இதை விவரித்து எழுதியதால் ஆஸ்பத்திரியில் அவர் பெயரைச் சொல்வார்கள். நம் ஊரில் சூட்டு வலி, பொய் வலி என்கிறோம். எனக்கு அந்தப் 'பொய்' பிடிப்பதில்லை. நீ உணர்வது பொய் அல்லவே. கர்ப்பப்பை உண்மையாகவே இறுகுகிறது, ஆனால் வாய் திறக்கும் வேலையை அது இன்னும் தொடங்கவில்லை. அவ்வளவுதான்.

சீரகத் தண்ணீர் குடிப்பதில் தவறே இல்லை. உடம்பில் தண்ணீர் குறைந்தாலும், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும், பகலெல்லாம் நின்று வேலை செய்திருந்தாலும் வயிறு இப்படி இறுகும். தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, இடது பக்கம் சாய்ந்து படுத்தால் பொய் வலி தணியும். மெய் வலி எதற்கும் தணியாது. நடந்தாலும் வரும், படுத்தாலும் வரும், தூங்கப் போனால் எழுப்பும். உன் அம்மா கொடுத்தது மருந்தாகவும் இருந்தது, சோதனையாகவும் இருந்தது.

இனி செல்போன் மட்டும் போதாது. ஒரு நோட்டு எடு. ஒரு வலி தொடங்கும் நேரத்திலிருந்து அடுத்த வலி தொடங்கும் நேரம் வரை எண்ணு. நிறையப் பேர் ஒன்று முடிந்ததிலிருந்து எண்ணிக் குழம்புகிறார்கள். அடுத்த பத்தியில் அது எத்தனை வினாடி நின்றது என்று எழுது. மூன்றாவது பத்தியில் வயிறு எவ்வளவு கெட்டியானது என்று எழுது. அதற்கு ஒரு வழி சொல்கிறேன், பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. தொப்புளுக்கு மேலே, வயிற்றின் உச்சியில் உள்ளங்கையை வைத்து விரல்களால் லேசாக அழுத்து. உன் மூக்கு நுனியைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தால் லேசான இறுக்கம். மோவாயைத் தொட்ட மாதிரி இருந்தால் நடுத்தரம். நெற்றியை அழுத்தினால் எப்படி விரல் உள்ளே போகாதோ அப்படி இருந்தால் பலமான வலி. மூக்கு, மோவாய், நெற்றி. நோட்டில் இந்த மூன்று சொற்களில் ஒன்றை மட்டும் எழுது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்குக்கூட இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என்னைவிடச் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதே. இடைவெளி குறைகிறதா, நிற்கும் நேரம் கூடுகிறதா, கெட்டி ஏறுகிறதா? மூன்றும் ஒரே திசையில் போனால் அது மெய் வலி. வலி உச்சத்தில் இருக்கும்போது உன்னால் பேச்சைத் தொடர முடியவில்லை, நின்று எதையாவது பிடித்துக்கொள்கிறாய் என்றால் எனக்கு நோட்டுகூட வேண்டாம்.

வயிறு இறங்குவது பற்றிப் பாட்டி சொன்னதில் பாதி சரி. குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் இறங்கினால் மூச்சு லேசாகும், சிறுநீர் அடிக்கடி வரும். ஆனால் தலைப்பிரசவத்தில் அது வலி தொடங்க இரண்டு மூன்று வாரம் முன்பே நடக்கலாம். அதை வைத்து நாள் குறிக்க முடியாது. குறித்த தேதியிலேயே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். வெள்ளையாகப் பட்டது இந்த மாதத்தில் இயல்பு. பிசுபிசுவென்று முட்டையின் வெள்ளைக்கரு போல, இளஞ்சிவப்பு நூலோ பழுப்பு நிறமோ கலந்து வந்தால் அது கர்ப்பப்பை வாயை அடைத்திருந்த சளிக்கட்டி. வாய் இளகத் தொடங்கிவிட்டது என்று பொருள். சிலருக்கு அன்றே வலி வரும், சிலருக்கு ஒரு வாரம் ஆகும். உள்பரிசோதனை செய்த மறுநாள் கொஞ்சம் பழுப்பாகப் பட்டால் அதை இதோடு சேர்க்காதே.

இப்போது அந்த ஐந்து நிமிடக் கணக்கு. அது ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத்தில் போய்விடக்கூடியவர்களுக்குச் சொன்னது. உனக்குப் பொருந்தாது. தலைப்பிரசவம் பொதுவாக மெதுவாகத்தான் போகும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் கொடுத்த பரிந்துரையில் வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவம் முழு வேகம் எடுக்கிறது என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய கட்டம் இத்தனை மணி நேரம் என்று வரையறுக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்திக்கு ஆறு மணி நேரம், இன்னொருத்திக்கு இரண்டு நாள். அந்த மெதுவான கட்டத்தில்தான் நீ மலை இறங்க வேண்டும். வலி பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்குக்கு வந்து, ஒரு மணி நேரம் கலையாமல் நின்றால், அங்கேயே 108-ஐ அழைத்துவிடு. மோவாய் நெற்றியாகும் வரை காத்திருக்காதே.

ஆனால் நான் உன் தாயாக இருந்தால் வலிக்கே காத்திருக்கமாட்டேன். பொள்ளாச்சிப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா? 38 வாரம் முடிவதற்குள் பகல் பஸ்ஸில், உன் அம்மாவையோ பாட்டியையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு, நிதானமாக இறங்கி அங்கே போய் இரு. சொந்தம் இல்லையென்றால் உங்கள் பகுதிச் செவிலியரிடம் கேள். மலைப்பகுதிக்காரர்கள் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கியிருக்க இடம் ஏற்பாடு செய்துதர முடியுமா என்று அவர் விசாரிப்பார். இரவு இரண்டு மணிக்கு 4,000 ரூபாய் ஜீப் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நாளைக்கே அந்தச் செவிலியரிடம் உன் வயிற்றைக் காட்டு. நான் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன். அவர் தொட்டுப் பார்த்துச் சொல்வதுதான் பெரிது.

உடுமலைத் தகப்பன்:

நர்சம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் மனைவிக்கு வலியே வரவில்லை. பனிக்குடம் உடைந்தால் குடம் உடைந்த மாதிரி கொட்டும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவளுக்கு இரண்டு நாளாக உள்ளாடை நனைந்துகொண்டே இருந்தது. தும்மினால் கொஞ்சம், எழுந்தால் கொஞ்சம். கடைசி மாதம், சிறுநீர் அடங்கவில்லை என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். செக்கப் தேதியில் போனபோதுதான் அது பனிக்குட நீர் என்று தெரிந்தது. உடனே சேர்த்துக்கொண்டு வலி வருவதற்கு மருந்து ஏற்றினார்கள். பிள்ளையை நான்கு நாள் தனி வார்டில் வைத்து ஊசி போட்டார்கள். இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறான். ஆனால் அந்த நான்கு நாளை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மலைநாட்டு நர்சம்மா:

தம்பி, நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பயிற்சி பெற்ற நானே அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். இதுவரை வெளியில் சொன்னதில்லை. இந்தப் பெண்ணுக்காக எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்து நான்காவது ஆண்டு. கொழுந்து பறிக்கும் ஒரு பெண், மூன்றாவது பிரசவம், மாலையில் என்னிடம் வந்து, "சிஸ்டர், நிற்கும்போதெல்லாம் நனைகிறது" என்றாள். அன்றைக்கு எனக்கு ஏழு வீடு நடந்த களைப்பு. "மூன்றாவது பிள்ளை, தசை தளர்ந்திருக்கும், சிறுநீர்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். துணியைக் காட்டு என்று கேட்கவில்லை. மறுநாள் மதியம் குளிர் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்தப் பெண் திரும்பி வந்தபின் என்னைப் பார்த்து ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஒரு படி மொச்சைக் கொட்டை கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கும்போது என் கை நடுங்கியது. இன்றும் மொச்சை வாங்கினால் அந்த முகம் வருகிறது.

ஆகவே கண்ணு, கேள். சந்தேகம் வந்தால் சிறுநீர் கழித்துவிட்டு, சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொள். அரை மணி நேரம் படு. பிறகு எழுந்து நில், இரண்டு முறை இருமு. படுத்திருந்தபோது உள்ளே தேங்கிய நீர் எழுந்ததும் இறங்கும். துணி நனைந்திருந்தால் மோந்து பார். சிறுநீரின் காரநெடி தெரிகிறதா, அல்லது அந்த நெடியே இல்லாமல் வெறும் ஈரமா? நிறத்தைப் பார். பனிக்குட நீர் தண்ணீர்போல, அல்லது வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்கும், சில சமயம் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். அது என்று சந்தேகம் வந்தாலே போதும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளம்பு. மணியைக் குறித்துக்கொள், அந்தத் துணியையும் ஒரு பையில் எடுத்துப் போ, மருத்துவர் பார்க்கட்டும். அதன் பிறகு உள்ளே எதையும் வைக்காதே, வீட்டில் யாரும் கைவிட்டுப் பார்க்க விடாதே. பச்சையாகவோ கரும்பழுப்பாகவோ வந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, அது அவசரம். நீர் கொட்டியதும் கயிறுபோல் ஏதாவது கீழே தட்டுப்பட்டால் அது தொப்புள்கொடி. உடனே முழங்காலையும் மார்பையும் தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கிக் குப்புற இரு. 108 வரும் வரை அப்படியே இரு. இது அபூர்வம். ஆனாலும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

நோட்டு எடுத்து எண்ணிக்கொண்டிருக்கக் கூடாத வேறு சிலவும் உண்டு. மாதவிலக்குபோல் ரத்தம் போவது. இறுகிய வயிறு தளராமல் கல்லாகவே நிற்பது. பொறுக்க முடியாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, இவை ரத்த அழுத்தத்தின் அறிகுறி. காய்ச்சல். பிறகு, குழந்தையின் அசைவு குறைவது.

அசைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "பிறக்கப் போகிற பிள்ளை அடங்கிக் கிடக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உன் பாட்டியும் சொல்லக்கூடும். அது தவறு. இடம் குறைவதால் உதை உருட்டலாக மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது. வலி நேரத்திலும் குழந்தை அசையும். சாப்பிட்டுவிட்டு இடதுபக்கம் படுத்து எண்ணிப் பார். இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதே. இந்த ஒரு விஷயத்தில் பாட்டியோடு சண்டை போட்டாலும் சரி.

கொழுந்துக்காரி மகள்:

நர்சம்மா, அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மொச்சைக் கொட்டை இடத்தில் அம்மா அழுதுவிட்டார்.

இன்று செவிலியர் வீட்டுக்கு வந்து பார்த்தார். தலை இறங்கியிருக்கிறது, குழந்தையின் இதயத் துடிப்பு 142, வாய் இன்னும் திறக்கவில்லை, நாள் இருக்கிறது என்றார். என் ரத்த அழுத்தம் 110/70. ஆனைமலையில் சித்தி இருக்கிறார். அங்கிருந்து பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம்தான். கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்தேன். அம்மா இன்றைக்குப் போனில் கேட்டார். சித்தி, "இதைக் கேட்க இத்தனை நாளா?" என்று திட்டினார். சனிக்கிழமை இறங்குகிறோம்.

இன்னும் இரண்டு கேள்வி. பாட்டி, "விளக்கெண்ணெய் ஒரு கரண்டி குடித்தால் வலி எடுத்துவிடும், எதற்குக் கீழே போய்க் காத்துக் கிடக்க வேண்டும்?" என்கிறார். சரியா? வலி தொடங்கினால் சாப்பிடலாமா, கூடாதா?

மலைநாட்டு நர்சம்மா:

விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது குடலைக் கலக்கும். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து உடம்பில் நீர் வற்றும். ஏற்கெனவே 9.6 ரத்தத்தோடு இருக்கும் நீ அந்தச் சோர்வில் பிரசவ வலியைத் தாங்க வேண்டியிருக்கும். அதைவிடக் கொடியது வீட்டுக்கு ஆள் வரவழைத்து, வலி வருவதற்காகப் போடும் ஊசி. அந்த மருந்தை ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக எண்ணி, பக்கத்திலேயே நின்று ஏற்றுவார்கள். கணக்கில்லாமல் போட்டால் கர்ப்பப்பையே கிழியலாம். யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதே. 41 வாரம் ஆகியும் வலி வராவிட்டால் மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

தொடக்க வலியில் சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். இரண்டு இட்லி, கஞ்சி, மோர், வாழைப்பழம். எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். வெந்நீரில் குளி, இடுப்பில் வெந்நீர் ஊற்றச் சொல். வலிக்கு வலி நடுவே தூங்க முடிந்தால் தூங்கு. முதல் வலியிலேயே விழித்து உட்கார்ந்து விடியும்வரை எண்ணினால், முக்க வேண்டிய நேரத்தில் தெம்பு இருக்காது.

பையை இன்றே கட்டு. தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் தாள்கள், ரத்தப் பரிசோதனைத் தாள், ஆதார், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும். பழைய மெல்லிய வேட்டித் துணியைத் துவைத்து வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள், குழந்தைக்கு அதைவிட நல்லது கிடையாது. உன் ரத்த வகைக்கு ரத்தம் கொடுக்கக்கூடிய இருவரின் போன் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறையில் உன்னோடு ஒரு பெண் துணை இருக்கலாம். யாரென்று இப்போதே முடிவு செய். திரும்பி வர ஜீப் பேச வேண்டாம். 102 தாய் சேய் ஊர்தி இலவசமாகக் கொண்டுவந்து விடும்.

கொழுந்துக்காரி மகள்:

இன்றைக்குத்தான் கையில் போன் எடுக்க முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன், என்னைப்போல் தேடி வருபவர்களுக்கு உதவும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் இறங்கினோம். ஆழியாறு வந்து சேர்ந்தபோது எனக்கு வயிறு இறுகியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அம்மா சிரித்துவிட்டார்.

சித்தி வீட்டில் எட்டு நாள் ஒன்றும் இல்லை. இரவில் மட்டும் பழையபடி இறுகும், விடும். 39 வாரமும் ஒரு நாளும் ஆனபோது, அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து போனேன். துணியில் நர்சம்மா சொன்ன அதே மாதிரி, வெள்ளைக்கருவில் இளஞ்சிவப்பு நூல் ஓடியது போல. வலி இல்லை. இட்லி சாப்பிட்டேன், குளித்தேன். பதினொரு மணிக்கு இடுப்பு பிடித்தது. சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. ஈரோட்டு அக்கா, நீங்கள் சொன்ன கயிறுதான். 14 நிமிடம், 13, 13, 11. சீரகத் தண்ணீர் குடித்தேன், இடது பக்கம் படுத்தேன், நடந்தேன். போகவில்லை. மூன்று மணிக்கு 8 நிமிடம், ஒவ்வொன்றும் 45 வினாடி. அம்மா கொல்லையில் துணி காயவைத்துக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு வந்து என் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். ஒரு வலி வந்து முடியும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "கிளம்பு" என்றார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வாய் 5 சென்டிமீட்டர். பனிக்குடம் அங்கேதான் உடைந்தது, தெளிந்த நீர். அம்மாதான் கூட இருந்தார். இரவு 10.50-க்குப் பெண் குழந்தை, 2 கிலோ 700 கிராம். எனக்கு ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போனது. உடனே ஊசி போட்டு நிறுத்தி, ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். சித்தப்பா ரத்தம் கொடுத்தார். அவருடைய எண் முதல் பக்கத்தில் இருந்தது. மேலே வீட்டிலேயே இருந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்த நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று மணிக்குப் பிறகு என்னால் எழுத முடியவில்லை. வண்டியில் அம்மா எழுதினார். அவர் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். கோணல் கோணலாக ஐந்து வரி. நேரம் ஒன்றும் போடவில்லை. ஐந்து வரியிலும் "நெத்தி" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

மலைநாட்டு நர்சம்மா:

அம்மாவிடம் சொல், அவர் எழுதியது போதும். பிள்ளைக்குச் சீம்பால் கொடுத்தாயா? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், சர்க்கரைத் தண்ணீர்கூட வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. ரத்தப்போக்கில் துணி ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. மற்றதை ஓய்வெடுத்துவிட்டு எழுது, காத்திருக்கிறேன்.